சைலன்சர் என்றார்களே, அத்தான்

காது கேட்ட காலத்திலும் கேட்காத காலத்திலும், நான் பேசி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாத என் அத்தானுக்கு,

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. தென்காசிக் கடைத்தெருவில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு அலைகிறார்கள். நம் செண்பகத்துக்கு ஆலங்குளத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் போலீசில் இருக்கிறான். நல்ல சேதியை முதலில் சொல்ல வேண்டுமே, சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் கசக்கிற சேதி.

நேற்றுப் பெண் பார்க்க வந்தார்கள். கூடவே பங்களா அண்ணாச்சியும் தன் வீட்டம்மாவோடு வந்து இறங்கினார். நான் கூப்பிடவில்லை. யார் வீட்டில் பெண் பார்த்தாலும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கம்தானே? குற்றாலத்தில் ஒரு பங்களா, மலையடிவாரத்தில் நெல்லும் தென்னையும், லைசென்சு வாங்கிய ஒரு துப்பாக்கி. நம் ஊரில் பெரிய மனுசன் ஆவதற்கு இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

முறுக்கைக் கடித்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார்: "பொண்ணோட அப்பன் வம்சத்துல காது கொஞ்சம் மந்தம். அதனால என்ன? பிள்ளைக்கு அந்தக் கொறை கெடையாது. நான் பொறுப்பு."

சிபாரிசு செய்கிறாராம்! உங்கள் அப்பா சாகும்வரை அடுத்த தெருவில் பேசுகிற பேச்சுக்குத் தன் வீட்டிலிருந்து பதில் சொன்னவர். அவர் வம்சத்துக்கா காது மந்தம்? இந்த ஒரு பேச்சினால் இதற்கு முன் வந்த இடங்களெல்லாம் வாசலோடு திரும்பின. அந்தப் பேச்சைக் கட்டிவிட்டவரே வந்து, பெருந்தன்மையாக மன்னித்துவிடச் சொல்கிறார்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் பின்னால் செண்பகமோ அவள் பிள்ளைகளோ இதைப் படிப்பார்களே, அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியிடம் இருந்தது பெரிய ரைஃபிள். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. சுட்டால் பின்னுக்கு உதைக்கும். ஒவ்வொரு வேட்டைக்கும் பிறகு அண்ணாச்சியின் தோள் கன்றிப்போய்க் கிடக்கும், பங்களா மதினி தவிட்டு ஒத்தடம் கொடுப்பார். அடுத்த தடவை அந்த உதைக்குப் பயந்து, துப்பாக்கிக் குதிரையை இழுக்கும் முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்வாராம். காட்டுப் பன்றிகள் வயலில் வயிறாரத் தின்றுவிட்டுப் போகும், குண்டு தென்னை மரத்தில் பாயும்.

பிறகு மதராஸில் ஒரு துப்பாக்கிக் கடையில் கொடுத்து அதன் முனையில் ஒரு இரும்புக் குழலை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கீறல் கீறலாகத் துளைகள். அதைப் பார்த்த அவருடைய ஜீப் டிரைவர், "வண்டி சைலன்சர் மாதிரில்லா இருக்கு" என்றான். அவ்வளவுதான். மறுநாளே டீக்கடைகளில் எல்லாம் அண்ணாச்சி துப்பாக்கிக்குச் சைலன்சர் வைத்திருக்கிறார் என்று பேச்சு. ஒரு டிரைவரின் வாயில் வந்த வார்த்தைக்கு இந்த ஊர் கொடுத்த மரியாதையை உங்கள் காதுக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் குழல் வந்தபின் அண்ணாச்சி குறி தப்பவில்லை. "அண்ணாச்சிக்குக் கை தேறிட்டு" என்று எல்லோரும் மெச்சினார்கள். கையாவது, தேறுவதாவது! உதை குறைந்தது, பயம் விட்டது, கண்ணைத் திறந்துகொண்டு சுட்டார். அந்தக் குழல் ஒன்றும் குண்டுக்கு வழி காட்டவில்லை.

வேட்டைக்கு உங்களை எதற்குக் கூட்டிப்போனார்? தந்தி ஆபீசில் உங்களைப் போல் தந்தி வாங்குகிறவர் கிடையாது என்பதால்தான். கருவி கட்டுக்கட கட்டுக்கட என்று அடித்துக்கொண்டே போகும். நீங்கள் பக்கத்து மேசைக்காரரோடு பேசிக்கொண்டே ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவீர்கள். அந்தக் காது அண்ணாச்சிக்கு வேண்டியிருந்தது. லீவு நாளில் விடிகிற நேரத்தில் ஜீப் வந்துவிடும். "வாரும் வே, நீரு இல்லாம வேட்டை இல்ல" என்பார். உங்களுக்கும் அதில் பெருமைதான். நெல்லுக்குள் இலை அசைகிற சத்தம் கேட்டு, அவர் தோளை ஒட்டி நின்று "வலப்பக்கம்" என்று கிசுகிசுப்பீர்கள். அவர் சுடுவார். துளைகள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள்.

முதலில் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றீர்கள். அண்ணாச்சியிடமும் சொன்னீர்கள். "சைலன்சர் போட்ட துப்பாக்கி வே. பழசுக்கு இது பூனைக்குட்டி" என்று சிரித்தாராம். அவர் தோளுக்கு அது பூனைக்குட்டிதான். உதை குறைந்தால் சத்தமும் குறைந்திருக்கும் என்று நீங்களும் நம்பினீர்கள், நானும் நம்பினேன்.

ஒருநாள் அந்தத் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தபோது துளைகளின் விளிம்பெல்லாம் கரி படிந்திருந்ததைக் கவனித்தீர்கள். வீட்டுக்கு வந்து, கொதிக்கிற உலையின் மூடியைச் சாய்த்துப் பிடித்து எனக்குக் காட்டினீர்கள். பக்கத்தில் இருந்த என் கையில் ஆவி சுரீரென்று அடித்தது.

"ஏட்டி, இதான் விசயம். வெடிச்ச வாயு பக்கவாட்டுல பீச்சி அடிக்கி. அதனால துப்பாக்கி பின்னுக்கு வரல. சத்தமும் அங்கன நிக்கவன் காதுலதான் வந்து விழுது. அது சைலன்சர் இல்லட்டி, பிரேக்கு. துப்பாக்கிக்குத்தான் பிரேக்கு, சத்தத்துக்கு இல்ல."

அதைக் கண்டுபிடித்த சந்தோசம் உங்கள் முகத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதற்குள் காது பாதிக்குமேல் போய்விட்டிருந்ததே, அத்தான்.

அதற்குப் பிறகு தந்திக் கருவிக்குப் பின்னால் சிகரெட் டப்பாவை நிறுத்தி, சத்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். அதுவும் போதவில்லை. விரல் நுனியைக் கருவியின்மேல் வைத்து, அது துடிக்கிற துடிப்பிலேயே தந்தி வாங்கினீர்கள். கடைசியில் நீங்களே போய் அதிகாரியிடம் சொல்லிவிட்டீர்கள். "உயிரோட இருக்கவனை ஒரு தந்தியில நான் சாவடிச்சிரக் கூடாது" என்று என்னிடம் சொன்னீர்கள். பார்சல் கட்டுகிற இடத்தில் போட்டார்கள். ஒருநாளும் அதைப் பற்றி முகம் சுளித்ததில்லை.

நீங்கள் சுளிக்காத முகத்தையெல்லாம் நான் இப்போது சுளித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "சைலன்சர் வச்ச துப்பாக்கி எப்படிக் காதைக் கெடுக்கும்?" அண்ணாச்சியும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வம்சத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார். நீங்கள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த அன்று துஷ்டி கேட்க வந்த இடத்திலும் அதையே சொன்னார்.

நேற்று நடந்ததற்கு வருகிறேன். உள்ளே நானும் பங்களா மதினியும் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தோம். மதினி சூதுவாது இல்லாதவர். பஞ்சைக் கையில் எடுத்ததும் சிரித்தார்.

"பஞ்சைப் பாத்தா எங்க வீட்டு அவுக நெனப்புதான் வருது. வேட்டைக்குப் பொறப்படும்போது நல்லெண்ணெயில முக்கி ரெண்டு காதுலயும் நாந்தான் அடைச்சு விடணும். அந்தச் சைலன்சர் வச்ச பொறவு ஒருநாளும் பஞ்சு இல்லாம போனதில்ல."

அத்தான், அவர் மப்ளரைக் காதோடு சுற்றிக் கட்டியிருப்பார் என்று சொல்வீர்களே. சாரல் குளிருக்கு என்றுதானே நினைத்தீர்கள்?

எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கையில் பஞ்சோடு கூடத்துக்குப் போனேன். அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் கேட்டேன்.

"அண்ணாச்சி, வேட்டைக்குப் போகையில காதுல பஞ்சு வைப்பீங்களாமே?"

"ஆமா. பின்ன? அது என்ன லேசுப்பட்ட வெடியா?" என்றார். சொன்னபிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார்.

"அப்ப பக்கத்துல நின்ன மனுசனுக்கு ஏன் வைக்கச் சொல்லல?"

கொஞ்சமாவது தலை குனிவார் என்று எதிர்பார்த்தேன். எரிச்சலோடு சொன்னார்: "அவரும் காதை அடைச்சிக்கிட்டா, பன்னி வார சத்தத்தை யாரு கேக்கது?"

அவர் தோளுக்கு ஒரு இரும்பு, அவர் காதுக்குப் பஞ்சு, பன்றிக்கு உங்கள் காது. இதை ஒரு நியாயமாக, முறுக்குத் துணுக்கு ஒட்டிய வாயால் சொன்னார். சீ! மனுசப் பிறவியா இது? பிறகு, வீட்டுக்கு வந்தவரை அவமானப்படுத்திவிட்டேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மதினி ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடினார்.

இன்று காலையில் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் வந்தார். பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் சொன்னார்: "எம்மா, அவரு துப்பாக்கியை நான் பாத்திருக்கேன். பீரங்கி முனையிலயும் அந்தக் கொழல் மாதிரி சாமான் உண்டு. சுடும்போது பக்கத்துல நிக்கவனுக்குத்தான் அடி. உங்க வீட்டுக்காரருக்குக் காது எதனால போச்சுன்னு எனக்கு நேத்தே வெளங்கிட்டு. வம்சக் கொறையெல்லாம் இல்ல."

இத்தனை காலத்தில் இதைச் சொன்ன முதல் ஆள். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவரோ வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார்.

"ஆனா பெரிய மனுசனைச் சபையில வச்சிக் கேட்டுட்டீங்க. நாளைக்குப் பையனுக்கு ஒரு மாத்தல் கீத்தல்னா அவரு தயவு வேணும். பங்களாவுக்குப் போயி, தெரியாம கேட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திருவோம்."

தெரியாதவர்கள் சைலன்சர் என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்த இந்த மனுசனை என்ன செய்வது? சாயங்காலம் பதில் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. அவள் வாழ்க்கை அல்லவா? "எனக்கு அவுகளப் பிடிச்சிருந்துச்சும்மா" என்றாள். நேற்று அவள் தட்டை நீட்டும்போது அந்தப் பையன் சிரித்ததும், இவள் கன்னம் சிவந்ததும் நானும் பார்த்ததுதான். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது. வாயால் சொல்கிற வார்த்தைதானே என்று.

பிறகு அவளே கேட்டாள்: "ஒரு துண்டு பஞ்சு அப்பாவுக்கும் குடுத்திருந்தா என்னம்மா கொறஞ்சிருக்கும்?"

நீங்கள் இருந்திருந்தால், "விடு பிள்ள, போய்ச் சொல்லிட்டு வந்திரு" என்றிருப்பீர்களோ? நீங்கள் சொல்லக்கூடியவர்தான். இந்த ஒரு விசயத்தில் உங்கள் பேச்சைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை, அத்தான்.

நான் பங்களாவுக்குப் போக மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. சாயங்காலம் அந்தப் பட்டாளத்துக்காரரிடம் சொல்லப் போகிறேன்: உங்கள் பையனை இங்கே அனுப்புங்கள். எங்கள் பெண்ணின் அப்பாவுக்குக் காது எதனால் போனது என்று உங்களுக்குத் தெரிந்ததை அவனிடமும் சொல்லி அனுப்புங்கள். அவன் கடைத்தெருவில் நாலு பேர் கேட்க அதைச் சொல்லிவிட்டு வந்து வெற்றிலை பாக்கு மாற்றட்டும். தெரிந்ததைச் சொல்ல வாயில்லாதவனுக்கு நம் பெண்ணைக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்,
செண்பகத்தின் அம்மா