பின்சக்கரத்துப் போல்டுகள்

அக்டோபர் 27, திங்கள்

இது மூன்றாவது தடவை. இடைசெவல் விலக்கு தாண்டி கரிசல் பாதையில் இறங்கியதும் பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். செயின் கழன்று, சக்கரம் இறுகி, வண்டி சறுக்கி, நானும் மருந்துப் பையும் சேற்றில். செயின் ஓடுகிற பல்சக்கரத்தைப் பின்சக்கரத்தோடு பிடித்திருக்கும் போல்டுகள் மறுபடி உடைந்துவிட்டன. மாட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை!

மழை பெய்த கரிசலில் வண்டி தள்ளியவர்களுக்குத்தான் தெரியும். சக்கரத்தோடு பாதி நிலமும் கூடவே வருகிறது.

பட்டறையில் பேச்சிராஜா அண்ணன் உடைந்த போல்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கிளட்ச்ச பட்டுனு விட்டா இப்பிடித்தான் முறியும் தங்கச்சி. இது ஆம்பள வண்டி. ஒனக்கு ஸ்கூட்டிதான் லாயக்கு" என்றார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முழங்கையில் தோல் உரிந்து ரத்தம்.

அவர் என் நாத்தனார் அமுதவள்ளியின் வீட்டுக்காரர். சொந்தத்தில் பட்டறை இருக்கும்போது வேறு கடையில் வண்டியை நிறுத்தினால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆகவே உடைகிறது, அவரிடமே போகிறேன், அவரே ஏசுகிறார், அவரே மாட்டித் தருகிறார். நல்ல ஏற்பாடு.

அக்டோபர் 28

வண்டி பட்டறையில். பஸ் போகிற ஊர்களை மட்டும் பார்த்தேன். படுக்கையில் கிடக்கிறவர்களை வீடுதேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ் பஸ்ஸை நம்பினால் விளங்கினாற்போலத்தான். சிவனாண்டி அண்ணாச்சிக்கு மூத்திரக் குழாய் மாற்ற வேண்டிய நாள் இன்று. அவர் மனைவி வேலுத்தாய் போனில் அழுதாள். "அடைச்சுக்கிட்டு துடிக்காவ. எப்ப வருதீங்க?" ஆட்டோ பிடித்தேன். சேற்றைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அவர் வலியில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு போல்டுக்காக!

அக்டோபர் 31

நான் வேலை பார்க்கிற டிரஸ்ட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வண்டி இல்லாவிட்டால் உள் கிராமங்களை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்களாம். எடுத்து யாரிடம் கொடுப்பார்கள்? வேறு ஆளே கிடையாது.

வீட்டில் இவர் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "பேசாம வண்டிய வித்துரு. டவுன்லயே ஒரு ஆஸ்பத்திரில சேந்துரு. மாப்பிள்ளையே சொல்லுதாரு, நீ ஓட்டுத லெச்சணம் அப்பிடினு."

பேச்சிராஜா மாப்பிள்ளை சொன்னால் வேதம். நான் சொன்னால்?

நவம்பர் 2, ஞாயிறு

வண்டியை எடுக்கப் போனபோது, பட்டறையின் பழைய இரும்பு டப்பாவிலிருந்து என் போல்டுத் துண்டுகளைப் பொறுக்கி வந்தேன். கழுவி, வெயிலில் வைத்துப் பார்த்தேன்.

உடைந்த முகத்தில் பாதி கறுத்து, வழவழப்பாக, துரு ஏறியிருக்கிறது. மீதிதான் கற்கண்டை உடைத்த மாதிரி பளபளவென்று இருக்கிறது. நான் கிளட்சைப் பட்டென்று விட்டு ஒரே அடியில் முறிந்திருந்தால் முழுக்கப் பளபளவென்றுதானே இருக்க வேண்டும்? பாதி ஏற்கெனவே விரிசல் விட்டு, சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்து, கடைசியில் மீதி பாதி தாங்காமல் போயிருக்கிறது. பல நாளாக ஆடி ஆடி உடைந்திருக்கிறது.

அப்படியானால் போல்ட் தளர்ந்திருக்கிறது. ஏன் தளர்கிறது? பேச்சிராஜா அண்ணன் இறுக்கியதை என் கண்ணால் பார்த்தேனே. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

போல்ட் தலையிலிருந்து பல்சக்கரம் வரை நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். போல்ட் திரும்பினால் கோடு விலகும்.

நவம்பர் 5

எல்லாக் கோடும் விலகிவிட்டது. எல்லாமே!

செயின் அதிக இறுக்கமோ என்று மருந்துப் பையை ஏற்றி வைத்தும் பார்த்தேன். இல்லை. சரியாகத்தான் தொய்கிறது. கிளட்சும் இல்லை, செயினும் இல்லை. உள்ளே ஏதோ இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

இவர் ஒரு கல்யாணத்துக்கு ஓட்டப்பிடாரம் போயிருக்கிறார். முற்றத்தில் வண்டியைச் சாய்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். நகம் இரண்டு போயிற்று. பல்சக்கரத்தைப் பிரித்தேன்.

வெள்ளிப் பெயிண்ட்.

சக்கரத்தின் மேல் பல்சக்கரம் உட்காருகிற முகம் முழுக்க, பல்சக்கரத்தின் முதுகிலும், தோசை கனத்துக்கு. ஆயுத பூஜைக்கு அண்ணன் செய்த அலங்காரம். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் வைத்து "புதுப்பொண்ணு கணக்கா ஆக்கிட்டேன் தங்கச்சி" என்று கொண்டுவந்து நிறுத்தினாரே, அதுதான். அதற்குமுன் இந்த வண்டியில் ஒரு போல்ட் உடைந்ததில்லை. அதற்குப்பின் ஒவ்வொரு தடவை உடைந்தபோதும், கரிசல் சேறு பட்டால் துருப்பிடிக்கும் என்று இன்னொரு பூச்சு பூசித்தான் மாட்டியிருக்கிறார்.

போல்ட் இறுகியது இரும்பின் மேல் அல்ல, பெயிண்டின் மேல். ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கிப் பொடியாகிறது. போல்ட் துளைகளைச் சுற்றி அந்தப் பொடி சாம்பலாகக் கிடக்கிறது. பெயிண்ட் போன இடத்தில் பிடி தளர்கிறது. தளர்ந்த பல்சக்கரம் ஆடுகிறது. ஆட்டம் முழுவதும் போல்டின் கழுத்தில்.

உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். என் ஓட்டுதலைச் சொன்னீர்களே!

நவம்பர் 10

உப்புத்தாளால் அந்த வெள்ளிப் பெயிண்டை எல்லாம் தேய்த்து, இரும்பு தெரிகிறவரை சுரண்டி, புது போல்ட் போட்டு மாட்டினேன். கோடும் போட்டாயிற்று. சுரண்டிய பெயிண்டை ஒரு தாளில் மடித்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பெயிண்ட்டு என்ன கனம் இருக்கும்? அதுக்குப் போயி போல்ட்டு ஒடையுமா? நர்ஸம்மா இப்ப மெக்கானிக்கும் ஆயாச்சு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "ஒங்க கையால ஒருக்கா சுரண்டிப் பாருங்கண்ணே. பொறவு சிரிங்க" என்றேன். சிரிப்பு நின்றது.

அமுதவள்ளிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "ஆசையாத்தானே மதினி அடிச்சுக் குடுத்தாவ. போயி குத்தம் சொல்லுதீங்களே."

ஆசை. அந்த ஆசையில் நான் சேற்றில் விழுந்தேன், சிவனாண்டி அண்ணாச்சி துடித்தார். இதை எங்கே போய்ச் சொல்ல?

நவம்பர் 14

கோடு விலகவில்லை.

நவம்பர் 20

தினமும் கரிசல் பாதையில்தான் போய் வருகிறேன். கோடு போட்டது போட்டபடி இருக்கிறது. இன்று இவரை அழைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "ஞாயித்துக்கெழம எட்டயபுரத்துக்காரர் வண்டி பாக்க வாராரு" என்றார்.

"அதான் போல்ட்டு சரியாயிட்டே?"

"போல்ட்டு மட்டுமா? பொண்டாட்டி மோட்டார் சைக்கிள்ல காட்டுக்குள்ள சுத்துதா, நீ பஸ்ஸுல வாரியேனு ஆபீஸ்ல கேக்கானுவ."

ஓ. அப்படி வா வழிக்கு. போல்ட் ஒரு சாக்கு. அது உடைய உடைய இவருக்குச் சவுகரியமாக இருந்திருக்கிறது. நான் முட்டாள், நகம் பெயர்த்துக்கொண்டு அதைச் சரிசெய்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

விடியுமுன் கிளம்பிவிட்டேன். "வண்டி எம் பேர்ல இருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். வந்த ஆள் காப்பி குடித்துவிட்டுப் போனாராம்.

டிசம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. சாயங்காலம் இவரிடமிருந்து போன். நாங்கள் முகம்கொடுத்துப் பேசியே எத்தனையோ நாளாயிற்று. "எங்கன இருக்க? இங்க பஸ்ஸே வரல."

எட்டயபுரம் ரோட்டில் புளியமரத்தடியில் தொப்பலாக நின்றார். எப்போதும் அவர் வந்தால் நான் இறங்குவேன், அவர் ஓட்டுவார், நான் பின்னால் உட்காருவேன். அது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமில்லை, ஊர் வழக்கமே அதுதான். இன்று நான் இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை. கோபம் அப்படியே இருந்தது, இப்போதும் இருக்கிறது. என்னையும் வண்டியையும் பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸ் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். முதலில் கம்பியைப் பிடித்திருந்தார். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் மழை விட்டது. தூரத்தில் பட்டறை வெளிச்சம். வாசலில் மாப்பிள்ளை, சுற்றிலும் டீ டம்ளரோடு ஆட்கள். இவரைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்ட எனக்கே கூச்சமாக இருந்தது. வண்டியை மெதுவாக்கி, "சந்து வழியாப் போவமா?" என்று கேட்டேன்.

"நேராவே போ" என்றார்.