அந்தோனியார் பாண்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று மருத்துவச் சான்றிதழ் என் கையில் இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் சீனக்குடா விமானப் பயிற்சிப் பள்ளியில் தனியாக விமானம் ஓட்ட விடமாட்டார்கள். கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் சரி என்றார் டொக்டர். எப்போதாவது வலிப்பு வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா கோயிலிலிருந்து நேரே அங்கே வந்துவிட்டார். நான் சிறுவனாக இருந்தபோது எனக்காக நேர்ந்துகொண்டு, செவ்வாய்தோறும் புனித அந்தோனியார் பேரில் ஏழைகளுக்குப் பாண் ரொட்டி கொடுப்பவர். கடுங்காய்ச்சலுக்கு நேர்ந்தது என்றுதான் இதுவரை என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்று டொக்டருக்கும் ஒரு பாண் நீட்டினார்.

"இவனுக்கு அஞ்சு வயசு வரைக்கும் வலிப்பு வந்தது டொக்டர். அந்தோனியார்தான் சுகப்படுத்திவிட்டவர்."

டொக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"தம்பி, இப்ப நான் கையெழுத்து வைக்க ஏலாது. கொழும்பில நரம்பு டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வாங்கோ."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பொய்யன் என்று நினைத்துவிட்டார்.

அம்மா ஏன் இத்தனை நாள் மறைத்தார் என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். தனியாக மேலே இருக்கும்போது அது வந்தால் என்ற நினைப்பு விடமாட்டேன் என்கிறது. எழுதும் கை நடுங்குகிறது. இந்த நடுக்கத்துக்குக்கூட இப்போது பயமாக இருக்கிறது.

சற்றுமுன் அம்மா கதவடியில் வந்து நின்றார்.

"யோசிக்காமல் படு மோனை. உனக்கு லைசன்ஸ் கிடைச்சால் அந்தோனியாருக்கு இன்னும் நூறு பாண் எண்டு நேந்திட்டன். அதை டொக்டருக்கும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."