அடுப்புக் கொடியில் உங்கள் பாவாடை

அக்கா,

ஆறு நாளாக மழை விட்டபாடில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் உங்கள் உள்பாவாடை காய்கிறது. ஈரத்துணியில் விறகுப்புகை ஏறும் அந்த வாடை மூக்கில் பட்டதும் எனக்குக் கை வேலை ஓடவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோது வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேன். இப்போது எழுதி என்ன கிழிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எஸ்டேட் லைன் வீடுகளில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பழம் பறிக்கும் நாளில் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு காப்பிக்காட்டுக்குள் நுழைந்தால், செடியில் தேங்கிய தண்ணீரெல்லாம் நம் இடுப்பில்தான் இறங்கும். பாவாடை நாடா கட்டிய இடம் பொழுதுக்கும் நசநசவென்று கிடக்கும். அதனால்தான் நம் பெண்களுக்குள் அந்த வழக்கம் வந்தது. யார் அடுப்புக் கொடியில் ஒரு பாவாடை காய்ந்திருக்கிறதோ, அதை வெளியூருக்கு பஸ் ஏறுகிறவள் கட்டிக்கொண்டு போவாள். திரும்பி வந்ததும் அவிழ்த்து அதே கொடியில் போடுவாள். துவைக்க மாட்டோம். துவைத்தால் மறுபடி எப்போது காயும்?

வாழவந்தியில் என் தங்கை கல்யாணத்துக்கு நான் கிளம்பிய காலை நினைவிருக்கிறதா? வாசலில் என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டீர்கள். "ஏம் புள்ள, ஈரத்தக் கட்டிக்கிட்டா கல்யாணத்துக்குப் போவாங்க? இந்தா, என்றதக் கட்டிக்க சாமி. நானு ஊட்டுலதான இருக்கறேன்."

கட்டிக்கொண்டேன். அப்போதே என் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை இருந்தது. எஸ்டேட் மருந்தறையில் இருந்த கம்பவுண்டர் ஆம்பளை. அவரிடம் போய்ச் சேலையை விலக்கிக் காட்டுவதா? சேலத்து மருந்துக்கடையில் அரிப்பு என்று மட்டும் சொல்லி ஒரு ட்யூப் வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தேன். தடவினால் இரண்டே நாளில் நமைச்சல் நிற்கும், விட்டால் திரும்ப வரும். உங்களிடமும் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்து, எப்போதும் போலப் பாவாடையை உங்கள் கொடியில் போட்டேன்.

பதினைந்து நாள் கூட ஆகியிருக்காது. "இடுப்பெல்லாம் ஒரே நமைச்சல் கண்ணு, என்னுமோ பூச்சி கடிச்சாப்பல" என்று சொறிந்துகொண்டே வந்தீர்கள். எதனால் என்று எனக்குத் தெரியும். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி, ட்யூபை எடுத்து நீட்டினேன். "இது நொம்ப நல்லாக் கேக்குதுங்க்கா."

உங்களுக்குச் சக்கரை இருந்தது தெரிந்தும்தான் கொடுத்தேன். பழம் அலசும் கொட்டகையில் தண்ணீரில் நின்று நின்று உங்கள் கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறிக் கிடந்தது. அங்கேயும் அதையே தடவினீர்கள். "உன்ற மருந்து கால் நமைச்சலையுங்கூட அமுக்கிப்போட்டுது, போ!" என்று சிரித்தீர்கள். நமைச்சல்தான் அமுங்கியது. இடுக்கில் தோல் வெடித்து உள்ளே புண் போனது. சக்கரைக் காலுக்கு வலி எங்கே தெரிகிறது? பாதம் வீங்கி, சிவப்பு முழங்கால் பக்கம் ஏறிய பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே டாக்டரம்மா அந்த ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அரிப்ப மட்டும்தாம்மா அடக்கும். உள்ள பூஞ்சை நல்லா வளரும். யார் குடுத்தது இத?"

நான் கட்டில் ஓரத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானேதானுங்க கடையில கேட்டு வாங்குனேன்."

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே நர்சம்மா ஒருவர் லைனுக்கு வந்து, ஒருத்தர் துணியை இன்னொருத்தர் கட்டக் கூடாது, விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, சக்கரைக்காரர்கள் தினமும் காலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப்போனார். எல்லாரும் தலையாட்டினோம். பாவாடையிலிருந்தே ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? கஞ்சி கொண்டுவந்த நாளெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். உப்புப் போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவேன். ஒருநாள் நீங்களாகவே சொன்னீர்கள்: "என்ற பாவாடைய நீயே வெச்சுக்க சாமி. ஒத்தக்கால வெச்சுக்கிட்டு நானு எந்த பஸ் ஏறப்போறேன்?"

புண் ஆறவே இல்லை. அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை.

அந்தப் பாவாடையை நான் கட்டுவதில்லை, அக்கா. மழைக்கு மழை வெந்நீரில் துவைத்துக் காயப்போடுகிறேன். எத்தனை முறை துவைத்தாலும் அது சுத்தமானதாக எனக்குத் தோன்றவில்லை. என் இடுப்பிலும் படர்தாமரை போகவில்லை. தடவித் தடவித் தோல் மெலிந்து காகிதம் போல ஆகிவிட்டது.

இன்று காலை உங்கள் வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தைக்கு ஊசி போட டவுனுக்குப் போக வேண்டும். இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தாள்.

"ஏனுங்க்கா, காஞ்ச பாவாடை ஒன்னு இருந்தாக் குடுங்க. வந்ததும் போட்டர்றேன்."

"இல்ல கண்ணு" என்றேன்.

அவள் கொடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஈரத்தோடேயே பஸ்ஸுக்கு நடந்தாள். ஏன் கொடுக்கவில்லை என்று பின்னாலேயே ஓடிச் சொல்லியிருக்கலாம். இந்த முறையும் எனக்கு வாய் வரவில்லை, அக்கா.