கறுப்புத் தரைக்கு ஒரு பாயச மேளா

ஞாயிற்றுக்கிழமை, வலியசாலை.

எங்கள் கமிட்டி பராமரிக்கிற பழைய வீட்டுக் கூடத்தின் கறுப்புத் தரையைக் காப்பாற்றப் பணம் சேர்க்கத்தான் இன்று பாயச மேளா வைத்தோம். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்ட தரை. அங்கங்கே விரிசல் விட்டிருந்தாலும் குனிந்தால் முகம் தெரியும். தெரிந்தது, இன்று மத்தியானம் வரைக்கும்.

கூட்டம் நன்றாகவே வந்தது. முடிந்ததும் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வந்து பார்த்தால், எங்கள் கமிட்டி மைதிலி மாமி பாயசம் சிந்திய இடத்திலெல்லாம் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தரை திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடக்கிறது.

"வெந்நீர் போதுமே மாமி!" என்று கத்திவிட்டேன்.

"எறும்பு வருமோல்லியோ? நம்மாத்துத் தரையா நினைச்சுத்தானே தேய்ச்சேன்!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. என் எரிச்சலை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

அந்த நேரம் பார்த்துக் கமிட்டித் தலைவர் வந்தார். தரையைச் சுற்றிப் பார்த்தார். "சூப்பர்! இப்பத்தான் கூடத்துல வெளிச்சமே வந்திருக்கு. இன்னைக்குச் சேர்ந்த பணத்துல முழுக்க டைல்ஸ் போட்டுடலாம், கேட்டேளா!"

எல்லோரும் கை தட்டினார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.