பிளாஸ்டிக் பச்சை

மே 6, செவ்வாய்
கண்டாவளையில் கட்டி முடித்த முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனேன். உள்வேலைக்குப் படம் கீறிக் கொடுத்தவள் நான். படுக்கை மண்டபத்தின் தெற்குச் சுவர் முழுக்க யன்னல், வெளியே வயல். படுத்தபடியே பார்க்கலாம், காற்று வரும். நான் கேட்டது அவ்வளவுதான்.

யன்னல்களைப் பலகையால் அடைத்துவிட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் இலைகளை ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் எந்த ஊரோ தெரியாத நீர்வீழ்ச்சிப் படம். பசை நாற்றம் தொண்டைவரை ஏறியது.

நிர்வாகி யோகநாதன் அண்ணைக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "பச்சை எண்டால் பச்சைதானே, தங்கச்சி. ஏசியும் போட்டாச்சு. இதுக்குத் தண்ணி ஊத்தவும் தேவையில்லை."

வயலை மறைச்சுப்போட்டு இலை ஒட்டுறதோ? சீ.

மே 11, ஞாயிறு
திறப்பு விழா. இல்லத்துக்குக் காசு கொடுத்து, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அந்தச் சுவரின் முன் நின்று படம் எடுத்தார்கள். இயற்கை மனதுக்கு மருந்து என்று ஒருவர் பேசினார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மே 29, வியாழன்
மனம் கேட்காமல் திரும்பப் போனேன். கரண்ட் இல்லை. மண்டபம் பாண் சுடும் போறணை மாதிரிக் கொதித்தது. இலைகளுக்குள் பல்லி எச்சம், கரப்பான் முட்டை. கழுவிக் கழுவியும் விரலில் அருவருப்புப் போகவில்லை.

சுவரோரக் கட்டிலில் கமலாட்சி அம்மா. மலையகத்திலிருந்து வந்து, நெடுங்கேணியில் காடு வெட்டி, வயல் விதைத்துக் கமம் செய்தவர். மெல்லக் கேட்டார்: "வெளிய மழை பேஞ்சுதா, புள்ள? உள்ளுக்க இருந்தா ஒண்ணும் தெரியல."

பெய்திருந்தது. முற்றத்தில் வெள்ளம் நின்றது. ஒரு கமக்காரிக்கு அதுகூடத் தெரியக்கூடாதோ?

மே 30, வெள்ளி
பலகையைக் கழற்றச் சொன்னேன். "அது காசு தந்த ஆக்களின்ரை சுவர். கை வைக்கேலாது" என்றார் யோகநாதன்.

ஜூன் 9, திங்கள்
யோகநாதனே தொலைபேசியில் அழைத்தார். "ஒரு கிழவி சுவரைப் பிச்சு எறியிறா. வந்து திருத்தித் தாங்கோ. எங்கடை ஆக்கள் பூநகரியிலை கட்டுற ஹோட்டல் வேலையும் உங்களுக்குத்தான்."

திருத்துறதாம்!

ஜூன் 10, செவ்வாய்
கமலாட்சி அம்மா கை எட்டிய உயரம்வரை இலைகளைப் பிய்த்திருந்தார். நகக்கண்ணில் இரத்தம். பலகை இடுக்கால் மெல்லிய வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. அதில் கையை வைத்தபடி படுத்திருந்தார்.

தாதி சிவதர்சினி களஞ்சியத்திலிருந்து சுத்தியல் கொண்டுவந்து தந்தாள். "நான் ஒண்டும் காணேல்லை, அக்கா."

எல்லாப் பலகையையும் கழற்றினேன். வயல் பக்கமிருந்து சோளகக் காற்று அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. நீர்வீழ்ச்சி கிழிந்து தொங்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

யோகநாதன் வந்து கத்தினார். ஹோட்டல் வேலை போச்சு. போகட்டும்! அந்த ஆளிட்டை வேலை வாங்கி— த்தூ.

ஜூன் 16, திங்கள்
சிவதர்சினி அழைத்தாள். பலகையைத் திரும்ப அடிக்க இன்று தச்சர் வந்தாராம். கமலாட்சி அம்மா கட்டிலை யன்னலோடு ஒட்டப் போட்டுப் படுத்திருந்தாராம். எழும்பச் சொன்னதற்கு எழும்பவில்லையாம். பிறகு பார்த்தால், மற்றக் கட்டில்களும் ஒவ்வொன்றாக யன்னலடிக்கு வந்துவிட்டனவாம்.

தச்சர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாராம்.