‘போயிட்டு வாரேன்’: இரண்டு மதிப்பெண் குறைப்பு

நாள் 131. காலை 09:10. நலன் மதிப்பெண் 86

கலம் நெய்தல்-3. செவ்வாயிலிருந்து பூமிக்குத் திரும்பும் சரக்குக் கலம். ஆள் ஒன்று: இசக்கியம்மாள், வயது நாற்பத்து நான்கு, முன்பு தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினோரு வருடம் கிரேன் ஓட்டியவள். இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம்.

காற்று சரி. தண்ணீர் சரி. இடது கடைவாய்ப் பல் லேசாக வலிக்கிறது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்திருக்கிறது. திருச்செந்தூர் பஸ்ஸில் இதற்காக எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருப்பேன். இங்கே போட்டிக்கு ஆளில்லை, அதனால் ருசியும் இல்லை.

நேற்று ‘நலன்’ புதுப்பிக்கப்பட்டது. என் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் அது. இதுவரை நாடியும் சூடும் பார்த்தது. இனிமேல் பேச்சையும் கேட்டு மதிப்பெண் போடுமாம். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் கைச்சுக்கானைப் பூட்டிவிடும். என்னை மயக்கி உறக்கப் பெட்டிக்குள் போட்டு, சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு வருடம் கழித்து மெதுவாகக் கொண்டு சேர்க்கும். நல்லெண்ணம்தான்.

நாள் 133. காலை 10:40. மதிப்பெண் 81

தரைக்கட்டுப்பாட்டில் என்னோடு பேசுகிறவன் செல்வின். நாசரேத் பையன், வயது முப்பது. செய்தி போய்ச் சேர நான்கு நிமிடம் ஆனாலும் ஒருநாள்கூட இதைக் கேட்காமல் இருந்ததில்லை:

“எக்கா, சாப்ட்டியளா? எப்டி இருக்கிய?”

நான் அனுப்பியது: “சாப்ட்டேன் செல்வின். ஏதோ இருக்கேன். சரி, போயிட்டு வாரேன்.”

நலனின் திரையில் வந்தது: “‘ஏதோ இருக்கேன்’: வாழ்வில் பிடிப்புக் குறைவு. மூன்று குறைப்பு. ‘போயிட்டு வாரேன்’: போவதும் வருவதும் ஒரே வாக்கியத்தில். பயணி இருக்கையை விட்டு அசையவில்லை. இடம் பற்றிய குழப்பம். இரண்டு குறைப்பு.”

வயிறு வலிக்கச் சிரித்தேன். தனியாகச் சிரித்ததற்குக் குறைக்கவில்லை. பெருந்தன்மை.

நாள் 150. பகல் 11:25. மதிப்பெண் 66

இப்போது சிரிப்பு வரவில்லை. உறக்கப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியின் ரப்பரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. குளிர்திரவம் கசிந்து விளிம்பில் உறைந்திருக்கிறது. அதற்குள் படுத்தால் இரண்டு வருடம் இல்லை, இரண்டு நாள்கூடத் தாங்காது. நலனைக் கேட்டால் “பெட்டி நலம்” என்கிறது. அதன் உணர்கருவி பழைய எண்ணிலேயே சிக்கிக்கொண்டு நிற்கிறது.

படம் எடுத்து அனுப்பினேன். செல்வின் சொன்னது:

“நான் நம்புதேன்க்கா. இங்க நலனைப் பாத்துக்கிடுத நலக்குழு நம்ப மாட்டேங்குது. கருவி சரின்னு சொல்லுதாம். நம்ம பேச்சை அதுக்குப் படிச்சுக் கொடுக்கவும் அனுமதிக்கு மூணு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் நேராப் பேசுங்க.”

நலனின் ஃபியூஸைப் பிடுங்கினால் ஒழிந்தது. ஆனால் வானொலியும் வெப்பமூட்டியும் அதே ஃபியூஸில்தான் இருக்கின்றன. பிடுங்கினால் பேச்சு போய்விடும். 201-ஆம் நாள் பூமியை நோக்கிப் பாதை திருத்த வேண்டும். அதற்கான எண்கள் அன்று காலைதான் தரையிலிருந்து வரும். அதுவரை இது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நாள் 171. மாலை 16:00. மதிப்பெண் 72

நேராகப் பேசுகிறேன். “உணவு உண்ணப்பட்டது. உடல்நிலை நன்று. உரையாடல் முடிகிறது.” மதிப்பெண் ஏறுகிறது. செல்வினும் அப்படியே பேசுகிறான். ‘சாப்ட்டியளா’வை நிறுத்திவிட்டான்.

இத்தனை கோடி கிலோமீட்டருக்குக் குரலை அனுப்பத் தெரிந்த மனிதகுலம், அதில் அனுப்புவது இதை. எனக்குக் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது, ஆனால் அதற்கும் நலன் குறைக்கும்.

நாள் 190. காலை 08:30. மதிப்பெண் 58

பல் சீழ் பிடித்துவிட்டது. காய்ச்சல். மாத்திரை தீர்ந்து ஐந்து நாள். பிரியாணிப் பொட்டலங்களில் இருந்த கிராம்பையெல்லாம் பொறுக்கிக் கடித்தாயிற்று. பேச்சில் சேர்த்ததை எல்லாம் காய்ச்சல் தின்கிறது.

நாள் 193. பகல் 12:15. மதிப்பெண் 41

கட்டிங் பிளேயரால் பல்லைப் பிடுங்கினேன். மூன்று இழுப்பு. கத்தினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். ரத்தம் உருண்டை உருண்டையாக மிதக்கிறது. துணியால் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நலன்: “பயணி தன் உடலுக்குத் தீங்கு செய்துகொண்டார். பதினைந்து குறைப்பு.”

நாள் 200. மாலை 17:05. மதிப்பெண் 41

காய்ச்சல் முழுக்க இறங்கிவிட்டது. பல் போன இடத்தில் வலிகூட இல்லை. மதிப்பெண் ஏறவில்லை. இன்னும் இரண்டு போனால் முப்பத்தொன்பது. நாளை எண்கள் வந்ததும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கையாலேயே திருப்பப் போகிறேன்.

நலனின் கையேட்டில் பக்கம் 61: “மனிதக் கை அரை விநாடித் துல்லியத்தில் நான்கு நிமிடம் இயங்க இயலாது.” ஆடிக் காற்றில், நாற்பது அடி கன்டெய்னரை, ஆடுகிற கப்பலில், நான்கு கொக்கியும் ஒரே நேரத்தில் பொருந்தும்படி இறக்கியவள் நான். இதை எழுதியவர் ஒருநாள் துறைமுகத்துக்கு வந்து பார்த்திருக்கலாம்.

நாள் 201. காலை 09:48

நடந்ததைப் பென்சிலால் எழுதுகிறேன். திரை இல்லை. மேலே உள்ள நேரம் திரையில் கடைசியாகப் பார்த்தது.

ஃபியூஸின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். செல்வின் எண்களைப் படித்தான்:

“இடப்பக்கம் ரெண்டு புள்ளி ஒண்ணு டிகிரி. முழு விசை. நாலு நிமிசம் பன்னெண்டு விநாடி. திருப்பிச் சொல்லவும்.”

திருப்பிச் சொன்னேன். சரி என்ற பதில் வர ஒன்றரை நிமிடம் ஆனது. அத்தோடு “உரையாடல் முடிகிறது” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு:

“எக்கா. சாப்ட்டியளா?”

வாயை மூடிக்கொண்டு ஃபியூஸைப் பிடுங்கியிருக்கலாம். புத்திசாலி அதைத்தான் செய்வாள். ஆனால் பூமி சேரும்வரை, இனி பத்து நாள், என் குரல் அவனுக்குக் கேட்காது. ஒருவேளை என்றைக்குமே கேட்காது. எங்கள் ஊரில் வாசல் தாண்டுகிறவள் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டாள். பேசாமலும் போக மாட்டாள். அதை ஓர் இயந்திரத்துக்குப் பயந்து விழுங்க எனக்கு மனம் வரவில்லை.

“போயிட்டு வாரேன் செல்வின்” என்றேன்.

முப்பத்தொன்பது. சுக்கான் பூட்டு நகரும் சத்தம். பிடுங்கிவிட்டேன். பூட்டு பாதியில் நின்றது.

கடிகாரமும் செத்துவிட்டது. சுக்கானை இடப்பக்கம் திருப்பி, முழு விசையைத் திறந்து, வாய்விட்டு எண்ணினேன், கிரேனில் எண்ணுவதைப் போல. இருநூற்றுப் பத்தில் கலம் வலப்பக்கம் இழுத்தது. பிடித்துக்கொண்டேன். இருநூற்று ஐம்பத்திரண்டில் நிறுத்தினேன்.

சரியா என்று சொல்ல யாரும் இல்லை. ஃபியூஸைத் திரும்பச் செருகினால் நலன் விழித்து என்னை அந்தப் பெட்டிக்குள் போட்டுவிடும்.

நாள் 204 ஆக இருக்கலாம்

குளிர். மூன்று சட்டை. எழுத்து கோணல், மன்னிக்கவும்.

துறைமுகத்தில் ஒன்று தெரியும். தூரத்துக் கப்பல் ஜன்னல் கம்பியை விட்டு நகர்ந்தால், அது தன் வழியில் போகிறது. நகராமல் அதே இடத்தில் நின்று பெரிதானால், நம்மை நோக்கி வருகிறது.

பூமி நீலப் பொட்டாகத் தெரிகிறது. பக்கத்தில் மூன்று நட்சத்திரம். எல்லாவற்றையும் ஜன்னலில் பென்சிலால் குறித்துவைத்தேன்.

நாள் 207?

பொட்டு குறியை விட்டு நகரவில்லை.

விரல் மடங்கவில்லை. ஜன்னலில் பனி. சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிறேன்.

நாள்

குறியைவிடப் பொட்டு பெரிது. அதே இடம்.

பென்சில் தீர்கிறது. செல்வின், அன்றைக்குக் கேட்டாயே. சாப்ட்டேன். சாம்பார் சாதம், ஐஸ்கட்டி மாதிரி, ஒரு பக்கத்துப் பல்லால். ஏதோ இருக்கேன்.

வாரேன்