உறைக்கு வெளியே

ஃபெராரா, நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஞாயிறன்று முயல் வேட்டைக்குச் சைக்கிளில் கிளம்பினேன். உங்கள் துப்பாக்கியைச் சட்டப்படி, தோட்டா இல்லாமல் உறைக்குள் வைத்து முதுகில் மாட்டியிருந்தேன். ரொட்டிக் கடையில் நின்றபோது கடைக்காரி ஒர்னெல்லா மிரண்டுவிட்டாள்.

“முதுகுல என்னய்யா அது? யாரைச் சுடப் போற?”

நம் சார்டினிய மலையில் ஆள் எதிர்ப்பட்டால் துப்பாக்கியை மடித்துத் திறந்து காலிக் குழலைக் காட்டுவோமே, அப்படியே வெளியே எடுத்துக் காட்டினேன்.

“பாருங்கம்மா, ஒண்ணுமில்ல.”

அவள் அலறிய அலறலில் கடையே காலியாகிவிட்டது.

வந்த போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “உறைக்குள்ள இருந்தவரைக்கும் உம்மேல தப்பே இல்லடா. ஊருக்குள்ள எதுக்குடா வெளிய எடுத்த?”

துப்பாக்கி அவர்களிடம் இருக்கிறது. விசாரணை முடிந்தால் தருவார்களாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நம் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி கொஞ்சம் அனுப்புங்கள். ரொட்டிக்கு வேறு கடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, மழை வேறு வரும்போல இருக்கிறது. போலீஸ் திருப்பித் தந்த உறையில் குடையை வைத்துத்தான் இப்போதெல்லாம் போகிறேன். எதிரே வருகிறவர்கள் சாலையின் அந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள். திறந்து காட்ட எனக்குத் தைரியமில்லை.

உங்கள் மகன்,
பாகிஸ்